மூச்சு விடாமல் ஒரு ஜெபம்

நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை தலையில் முடியில்லை, பெண்ணைப் பெற்றவனுக்கு வாய் நீளம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் நாளைக்கு கன்வென்ஷன் பந்தலில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டாமா? அதனால் "ஜெபிச்சுச் சொல்லுதோம்" என்று மூன்று நாள் தவணை வாங்கிக்கொள்வார்கள். நாலாம் நாள் போனைப் போட்டு, "ஜெபிச்சுப் பாத்தோம், கர்த்தருக்குச் சித்தமில்லை" என்பார்கள். அவ்வளவுதான், முடிந்தது. மற்றவர்களுக்கு ஜாதகம் இருக்கிறது, பழியை அதன் தலையில் போட்டுவிடலாம். நமக்கு யார் இருக்கிறார்கள்? உலகத்தின் பாவத்தையே சுமந்தவர், இந்தச் சில்லறைப் பழியையும் சுமந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

பிரபுதாஸ் சாரும் அதைத்தான் செய்தார். வெளியாருக்குச் செய்திருந்தால் ஊரோடு ஒன்றாகப் போயிருக்கும். கூடப் பிறந்த தங்கச்சிக்குச் செய்தார்.

அவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. சங்கரன்கோவிலில் கணக்கு வாத்தியார். ராஜபாளையம் ரோட்டை ஒட்டிய தெருவில் அப்பா கட்டிய வீடு. மனைவி ஞானபாய் வங்கியில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கின்றன. தங்கை எஸ்லினும் அதே வீட்டில்தான். கரிவலம்வந்தநல்லூரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். நாற்பத்துமூன்று வயதாகிறது. கல்யாணம் ஆகவில்லை.

சபையில் பிரபுதாஸுக்கு ஒரு பேர் உண்டு. கர்த்தர் அவரோடு பேசுவார் என்பார்கள். அந்தப் பேர் சும்மா வந்ததல்ல. இருபத்துமூன்று வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பியவர், ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஆலயத்தில் போய் உட்கார்ந்தார். "ஆண்டவரே, நான் எங்க போக?" என்று கேட்டார். மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இல்லாததால் சும்மா இருந்தார். அப்படிச் சும்மா இருக்கும்போது உள்ளே ஒரு சொல் வந்து நின்றது. வீட்டுக்குப் போ. அது அவருடைய நினைப்பு இல்லை. அவருடைய நினைப்பு மெட்ராஸ் ரயிலில் அல்லவா இருந்தது. எழுந்து வீட்டுக்குப் போனார். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் கிடந்தார். தூக்கிக்கொண்டு ஓடினார். அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார், சண்டையும் போட்டார்.

அன்றிலிருந்து விடியற்காலை எழுந்து முழங்கால் போட்டால் பாதி நேரம் பேசுவார், பாதி நேரம் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பார். "நாம பாட்டுக்குப் பேசிட்டு போனை வச்சிட்டா அது ஜெபமா? எதிர்ல இருக்கவரு ஒரு வார்த்தை சொல்லாண்டாமா?" என்று சபையில் சாட்சி சொல்வார். யாராவது வந்து எனக்காகக் கேளுங்கள் என்றால் கேட்பார். பதில் வராவிட்டால், "எனக்கு ஒண்ணும் சொல்லலை" என்று நேரே சொல்லிவிடுவார். அந்த நேர்மைக்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். பக்கத்து வீட்டுச் செண்பகவல்லிகூட ஒரு தடவை வந்து, "சார், கிடாவை இந்தச் சந்தையில விக்கவா, அடுத்த சந்தையில விக்கவா, உங்க சாமிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்றாள். கிடா விஷயத்தில் கர்த்தர் தலையிட மாட்டார் என்று சொல்லி அனுப்பினார்.

இதெல்லாம் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய பிரபுதாஸ்.

அப்போது எஸ்லினுக்கு முப்பத்தொன்று. புளியங்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பேர் ஜோஷ்வா. மின்வாரியத்தில் வேலை. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இரண்டு சபையும் சேர்ந்து பயிற்சி எடுத்தபோது எஸ்லினைப் பார்த்திருக்கிறான். அவளுக்கும் பிடித்திருந்தது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இட்லிக்கு மாவாட்டும்போது பாடிக்கொண்டே ஆட்டினாள், அது போதாதா ஒரு அண்ணனுக்கு? போதும். பிரபுதாஸுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஆனால் அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அம்மா பக்கவாதத்தில் விழுந்திருந்தாள். இடது கை, இடது கால், பேச்சு மூன்றும் போய்ப் படுக்கையாகிவிட்டாள். ஞானபாய்க்கு வேலை, கைக்கு ஒன்றும் இடுப்புக்கு ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "எஸ்லின் போயிட்டா அத்தையை நான் பாக்க முடியாதுங்க. வேலையை விடச் சொல்லாதீங்க. இப்பவே சொல்லிட்டேன், பொறவு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவள் பாடு அவளுக்கு. மகன் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்வி அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை, மகனுக்கு வரவே இல்லை.

எஸ்லின் வந்து நின்றாள். "அண்ணே, மூணு நாள் ஜெபிச்சுச் சொல்லுங்க. கர்த்தர் உங்ககிட்ட என்ன சொல்லுதாரோ அதைக் கேட்டுக்கிடுதேன்."

முதல் நாள் விடியற்காலை பிரபுதாஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டார். போட்ட உடனே பயம் வந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. அனுப்பு என்று வரும். வந்துவிட்டால் அனுப்பித்தான் தீர வேண்டும். அனுப்பிவிட்டால் அம்மாவுக்கு யார் துணி மாற்றுவது?

அதனால் கேட்கவே இல்லை. வாயைத் திறந்தவர் மூடவில்லை. பள்ளிக்கூடத்துக்காக ஜெபித்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வருகைப் பதிவேட்டு வரிசையில் பேர் பேராக ஜெபித்தார். பேராயருக்காக, வடக்கே போன மிஷனெரிமாருக்காக, மழைக்காக, நாட்டை ஆளுகிறவர்களுக்காக, படத்தில்கூடப் பார்த்திராத தீவுகளுக்காக ஜெபித்தார். ஒரு வாக்கியம் முடிந்த கையோடு அடுத்ததைப் பிடித்துக்கொண்டார். நடுவில் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியில் கர்த்தர் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரே! ஆமென் என்றதும் பாய் சுருட்டுகிற வேகத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டார். இரண்டாம் நாளும் அப்படி, மூன்றாம் நாளும் அப்படி.

நாலாம் நாள் எஸ்லினைக் கூப்பிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "கர்த்தர் வேண்டாங்காருட்டி" என்றார்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அம்மாவைக் குளிப்பாட்டப் போனாள். ஜோஷ்வா அடுத்த வருஷம் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு, மாற்றலாகிக் கோயம்புத்தூர் போய்விட்டான். அதற்குப் பிறகு மாவாட்டும்போது பாட்டுச் சத்தம் கேட்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் எஸ்லின் அம்மாவைப் பார்த்தாள். காலையில் துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, பகலுக்கு ஒரு ஆளை வைத்துவிட்டு பஸ் ஏறுவாள். சாயங்காலம் வந்து புடவை மாற்றாமல் முதலில் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பாள். கடைசிவரைக்கும் அந்த உடம்பில் ஒரு படுக்கைப்புண் வரவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம், "இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் சார்? கர்த்தர் பாத்து உங்க வீட்டுல நிறுத்தியிருக்காரு" என்பார்கள். பிரபுதாஸுக்குச் சோறு இறங்காது. கர்த்தர் எங்கே நிறுத்தினார்? நிறுத்தினவன் நான் அல்லவா என்று தொண்டைவரை வரும். வந்தது அங்கேயே நிற்கும்.

இன்னொன்றும் நடந்தது. அந்த மூன்று நாளுக்குப் பிறகு அவரால் சும்மா இருந்து கேட்க முடியவில்லை. வாயைப் பொத்தினால் பயம் வந்தது. என்ன கேட்டுவிடுமோ என்கிற பயம். அதனால் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஆட்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. தன் புத்திக்குப் பட்டதைக் கர்த்தர் சொன்னதாகச் சொல்லி அனுப்பினார். பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை. பலித்ததை மட்டும் ஜனங்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

போன தை மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஆடி பிறந்ததும் பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்து ஒரு சம்பந்தம் சொன்னாள். சிவகிரியில் எஸ்ரா என்று ஒருவர். தபால் ஆபீசில் வேலை. மனைவி இறந்து நாலு வருஷமாகிறது, ஒன்பதாவது படிக்கிற ஒரு மகள். எஸ்லினைப் பற்றிக் கேள்விப்பட்டு அவராகவே கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொன்னால் நல்லது என்றாள் பாஸ்டரம்மா.

அவள் போன பிறகு எஸ்லின் வந்து நின்றாள். முன்பு நின்ற அதே மாதிரிதான். தலையில் மட்டும் நரை. "அண்ணே, மூணு நாள் ஜெபிச்சுச் சொல்லுங்க."

வியாழக்கிழமை விடியற்காலை முழங்கால் போட்டார். முழங்கால் இரண்டும் இப்போது நோகிறது. "ஆண்டவரே, சிவகிரி காரியம் என்ன?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டார். கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தின் சத்தம் தூரத்தில் கேட்டது. பஸ் ஹாரன் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்திருக்கலாம் என்று ஒரு கையை ஊன்றும்போது, இருபத்துமூன்று வயதில் வந்ததே, அதே மாதிரி ஒரு சொல் வந்து நின்றது.

புளியங்குடியைச் சொல்லு.

"நான் சிவகிரியைக் கேக்கேன் ஆண்டவரே" என்றார். கணக்கு வாத்தியார் இல்லையா, கேட்ட கேள்விக்குத்தானே விடை வேண்டும்? அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வாதாடிப் பார்த்தார். "சொன்னா அவ மனசு உடைஞ்சிராதா? பழசைக் கிளறி யாருக்கு லாபம்? நானும் சும்மா இருக்கலையே, அன்னையிலேர்ந்து வெந்துக்கிட்டுதானே இருக்கேன்." முந்தின நாள் சொன்ன சொல் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவர் திரும்பத் திரும்பச் சொல்வாரா என்ன.

வெளியே வந்தவருக்கு ஞானபாய் காப்பி கொடுத்தாள். "என்னங்க, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? சரின்னு சொல்லிருங்க."

"சிவகிரியைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலையே ஞானம்."

"அன்னைக்கு மட்டும் சொன்னாராக்கும்?"

பிரபுதாஸ் டம்ளரைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் அவள் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அன்றைக்குக் காப்பியோடு கதவுக்கு வெளியே நின்றவளுக்கு, மூன்று நாள் ஜெபத்தில் தங்கச்சி பேரே வராதது தெரியாமலா இருக்கும்?

"எனக்கும் உறுத்தத்தான் செய்யுது" என்றாள் ஞானபாய். "நான் முடியாதுன்னு சொன்னதுக்குத்தானே நீங்க அப்படிச் செஞ்சீங்க. இப்ப அந்த மனுசன் நல்லவராத்தான் தெரியுதாரு. கர்த்தர் சரிங்காருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவளும் போய் நல்லா இருப்பா, உங்க நெஞ்சும் ஆறும். நல்லதுக்குத்தானே."

நல்லதுக்குத்தான். பிரபுதாஸுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அன்றைக்கு ஒரு பொய்யால் மூடிய கதவை இன்றைக்கு ஒரு பொய்யால் திறந்துவிட்டால் சரியாய்ப் போயிற்று. அவள் சிவகிரி போய்ச் சந்தோஷமாக இருப்பாள். யாரும் ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டாம். சனிக்கிழமை விடியற்காலை அவர் முழங்காலே போடவில்லை. போட்டால் என்ன கேட்கும் என்று தெரியுமே.

அன்று பள்ளிக்கூடம் இல்லை. எஸ்லின் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பிரபுதாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தாள். தாள்களை ஒதுக்கினாள். முந்தானையை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தலையைக் குனிந்தாள்.

"சொல்லுங்கண்ணே. என்ன சொல்லுதாரு?"

சரி என்கிற சொல் அவருடைய நாக்கில்தான் இருந்தது. ஆனால் அந்த முக்காடு! வேதம் வாசிக்கும்போது போடுகிற முக்காட்டை இவர் வாயிலிருந்து வருகிற வார்த்தைக்காகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கும் போட்டிருப்பாள். அன்றைக்கு அவர்தான் முகத்தைப் பார்க்கவில்லையே. பிரபுதாஸுக்கு உடம்பு கூசியது.

"முக்காட்டை எடுத்துரு எஸ்லின்" என்றார்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"சிவகிரியைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலை. அன்னைக்கும் சொல்லலை. புளியங்குடி சம்பந்தம் வந்துச்சுல்லா, அப்ப நான் அவர்கிட்ட கேக்கவே இல்லை. கேட்டா அனுப்புன்னு சொல்லிருவாருன்னு பயந்து, மூணு நாளும் வேற என்னத்தையோ பேசிட்டு எந்திருச்சு வந்துட்டேன். அம்மாவை யாரு பாக்கன்னு எனக்கு பயம். வேண்டாம்னு சொன்னது கர்த்தர் இல்லை. நான்தான்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது ஆள், தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எஸ்லின் முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த மூணு நாளும் நானும் ஜெபிச்சேன்ணே."

பிரபுதாஸ் துண்டை எடுத்தார்.

"அம்மா கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டு இருந்து கேட்டேன். எனக்குச் சொன்னாரு. ரெண்டாம் நாளே சொன்னாரு. போ, அம்மாவை நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னாரு. எவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு தெரியுமா? நீங்களும் வந்து அதையேதான் சொல்லப் போறீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"ஏன் சொல்லலை? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேட்டி."

"எப்படிச் சொல்ல? கர்த்தர் உங்ககிட்ட பேசுவாருன்னு ஊரே சொல்லுது. நீங்க வேண்டாங்காருன்னு சொன்ன உடனே, எனக்குக் கேட்டது அவரு இல்லை, என் ஆசைன்னு முடிவு பண்ணிட்டேன். கல்யாண ஆசையில கர்த்தர் பேரையே இழுத்துட்டோமேன்னு வெக்கமாப் போச்சு. அதுக்காக ஒரு வாரம் உபவாசம் இருந்து மன்னிப்புக் கேட்டேன்."

அந்த ஒரு வாரம் பிரபுதாஸுக்கு நினைவில் இருந்தது. சாப்பிடாமல் கிடக்கிறாளே, ஏமாற்றமாக இருக்கும், நாளானால் சரியாகிவிடும் என்று நினைத்து அவர் பள்ளிக்கூடம் போய்விட்டார்.

"அம்மாவைப் பாத்ததுல எனக்குக் குறை இல்லைண்ணே. எங்கம்மா, பாத்தேன். ஜோஷ்வா போனதுகூடப் போகட்டும், அவரு எங்கேயோ நல்லா இருப்பாரு." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "ஆனா அன்னையிலேர்ந்து நான் கர்த்தரு சத்தத்தை நம்புனதே இல்லை. ஜெபம்னா நான் பேசுவேன், ஆமென் சொல்லுவேன், எந்திருச்சிருவேன். எதாவது கேட்டாலும், சீ, இது நம்ம நினைப்புன்னு தள்ளிருவேன். என்ன வேணும்னாலும் உங்ககிட்ட வந்து கேப்பேன். பன்னெண்டு வருஷம். அதுல எத்தனை தடவை அவரு என்னைக் கூப்பிட்டாரோ, என்னல்லாம் சொன்னாரோ? அதை எங்க போய்த் தேட?"

ஒரு கல்யாணத்தைக் கெடுத்தோம் என்றுதான் பிரபுதாஸ் இத்தனை வருஷம் வெந்துகொண்டிருந்தார். அது மட்டும் என்றால் மன்னிப்புக் கேட்கலாம், எஸ்ராவிடம் தானே போய்ப் பேசலாம், நாலு பேரைக் கூட்டி நல்லபடியாக நடத்தி வைக்கலாம். இதற்கு என்ன செய்வது? அவருக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

எஸ்லின் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாள்களை அடுக்கி மேஜைமேல் வைத்தாள். "சிவகிரிக்கு என்ன சொல்லன்னு நானே அவர்கிட்ட கேட்டுப் பாக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள தெரியாது. பாஸ்டரம்மா கேட்டா அவ கேட்டுக்கிட்டிருக்கான்னு சொல்லுங்க. எத்தனை நாளானாலும் சரி." அம்மா படுத்திருந்த அறைக்குப் போகத் திரும்பினாள்.

என்ன சொல்வது என்று தெரியாத இடத்திலெல்லாம் சொல்லிப் பழகின வார்த்தை பிரபுதாஸ் வாயில் தானாக வந்துவிட்டது.

"நான் உனக்காக ஜெபிக்கட்டுமா எஸ்லின்?"

அவள் அறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"வேண்டாம்ணே" என்றாள்.

பிறந்து நாற்பத்துமூன்று வருஷத்தில் அண்ணனிடம் அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.